கூகுள் மேப்பில் எங்கள் கடை மேலே வர, ஏஜென்ட்டிடம் காசு கொடுத்து ரிவ்யூ வாங்கலாமா?

வாங்காதீர்கள். என்ன கடை என்று நீங்கள் சொல்லவில்லை. எங்களைப் போல நாலு தெருவை நம்பிப் பிழைக்கும் கடை என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். கோவை கணபதியில் அப்பா கிரைண்டர், மிக்ஸி சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். ஃபோனில் பார்க்க வேண்டியதெல்லாம் என் பொறுப்பு.

"கூகுளில் இருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை மேப்பிலிருந்து போய்விடும்" என்று ஒருவர் கூப்பிட்டார். அப்பா பயந்தே போனார். கடையைப் பதிந்து வைக்க கூகுள் ஒரு பைசா வாங்குவதில்லை. வரிசையில் மேலே ஏற்றவும் வாங்குவதில்லை. விளம்பரம் தனிக் கணக்கு. தேடியதற்கு உங்கள் கடை பொருந்துகிறதா, தேடுகிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், கடைக்கு எவ்வளவு பெயர் இருக்கிறது, இதைத்தான் பார்க்கிறது. உக்கடத்தில் நின்று தேடுகிறவருக்கு எங்கள் கடை முதலில் வராததில் யார் சதியும் இல்லை.

தூரத்தை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. மற்றதைச் செய்யலாம். எங்கள் கடையை யாரோ மின்சாதன விற்பனைக் கடை என்ற வகையில் பதிந்து வைத்திருந்தார்கள். "ஃப்ரிட்ஜ் என்ன விலை?" என்றுதான் ஃபோன் வரும். முதன்மை வகையைப் பழுதுபார்க்கும் கடை என்று மாற்றி, கல் கொத்துவது, மோட்டாருக்குக் காயில் கட்டுவது, ஜார் புஷ் மாற்றுவது என்று செய்கிற வேலைகளை எழுதிய பிறகுதான் வேண்டிய ஆட்கள் வந்தார்கள். கடையைப் பதியவும் திருத்தவும் இருந்த பழைய 'கூகுள் மை பிசினஸ்' 2021-லேயே பெயர் மாறிவிட்டது, அந்த ஆப்பைத் தேடி அலையாதீர்கள். கடை பதிந்த ஜிமெயிலில் நுழைந்து, கூகுளில் கடைப் பெயரைத் தேடினாலே திருத்தும் வசதி வரும்.

'வெப்சைட் எங்கே, பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) எங்கே' என்று டிஜிட்டல் மார்க்கெட்டிங்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஏற்றுமதி செய்கிறவருக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. அரிசியை ஊறப் போட்டுவிட்டு கிரைண்டர் ஓடாமல் நிற்கிறவர் ஃபோன் நம்பரைத்தான் தேடுவார்.

ரிவ்யூவை நாங்கள் கேட்டுத்தான் வாங்குகிறோம். மெஷினை ஓட்டிக் காட்டும்போது, அவர் முகம் தெளிந்த நேரம் பார்த்துக் கேட்போம். ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள், அதுவே விதிமீறல். காசு கொடுத்து வாங்கியது பிடிபட்டால் கூகுள் அதை நீக்கும். புது ரிவ்யூ வரவிடாமல் நிறுத்தி, போலி ரிவ்யூக்கள் நீக்கப்பட்டன என்று கடைப் பக்கத்திலேயே எச்சரிக்கையும் போடலாம். அப்புறம் ஏஜென்ட் ஃபோனை எடுப்பாரா?

எங்களுக்கும் ஒற்றை நட்சத்திரம் உண்டு. "மிக்ஸியைக் கொடுத்து மாசக்கணக்காகிறது, திரும்பத் தரவில்லை" என்று ஒருவர் எழுதினார். தயாரானதும் பலமுறை கூப்பிட்டோம், அவர் எடுக்கவில்லை. அப்பா பதிலுக்குத் திட்டி எழுதச் சொன்னார். நான், "உங்கள் மிக்ஸி தயாராக இருக்கிறது, ரசீதோடு வாருங்கள்" என்று மட்டும் போட்டேன். அவர் வந்து எடுத்துப் போனார், நட்சத்திரத்தை மாற்றவில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் அந்தப் பதிலைப் படித்ததாகச் சொல்கிறார்கள்.

இவர் ஒருத்தர் மட்டும் என்றால் பரவாயில்லை. கடையின் ஒரு சுவர் முழுக்க இப்படி விட்டுப்போன மிக்ஸிகள்தான். ஆடியில் கொடுத்ததைப் பொங்கலுக்கு வந்து கேட்கிறார்கள். போட்ட காயிலுக்கும் உழைப்புக்கும் அதுவரை பணம் கிடையாது, வந்ததும் "இவ்வளவு ஆகுமா?" என்று பேரம் வேறு. இடம் அடைக்கிறதே என்று பழைய இரும்புக்குப் போட்டால் அதற்கும் ஒரு நட்சத்திரம் விழும்.