கட்ட வேண்டிய வாய் எது?

கேள்வி: ஒவ்வொரு தீபாவளிக்கும் கணவரின் ஊரில் இருபது பேராகக் கூடுகிறோம். போவதற்கு முந்தைய ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுவேன். அங்கே போனதும் கை நிற்காமல் தின்றுவிட்டு, ஊர் திரும்பியதும் மறுபடி பட்டினி கிடப்பேன். சென்ற ஆண்டு என் மாமியாரின் அக்கா என் 13 வயது மகளைப் பார்த்து, "என்னடி இப்படி ஊதிட்டே?" என்று கேட்டுக்கொண்டே அவள் இலையில் அதிரசத்தை வைத்தார். அவள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள். இந்தத் தீபாவளிக்காவது நாங்கள் இருவரும் வாயைக் கட்ட ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வாயைக் கட்ட வேண்டியவர் நீங்களும் இல்லை, உங்கள் மகளும் இல்லை, சகோதரி. சாப்பிட உட்கார்ந்த குழந்தையின் உடம்பை இருபது பேர் நடுவில் எடைபோட்ட அந்தப் பேச்சைத்தான் கட்ட வேண்டும். அதை விட்டுவிட்டு அதிரசத்தின்மேல் பழி போடுவது நியாயமாகாது.

முதலில் உங்கள் பட்டினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1944-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் தொடங்கிய சோதனையில், உடலும் மனமும் திடமாயிருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருந்தார்கள். நாளாக ஆக அவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று; சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தவர்களும் அவர்களில் உண்டு. சோதனை முடிந்து வேண்டிய அளவு உணவு கிடைத்த பிறகும், வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் பலர் சாப்பிட்டார்கள். உங்கள் ஒரு வாரத்தை அந்த 24 வாரங்களோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ஏழு இரவுகள் பசியோடு படுத்த உடம்பு பலகாரத் தட்டைக் கண்டதும் பாய்வது இயற்கையே. அதை மனவுறுதி இல்லாமை என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் என்றால் இந்தப் பட்டினி ஆபத்தாகவே முடியலாம். ஊர் திரும்பிய மறுநாள் எடைக்கருவியில் ஏறவும் வேண்டாம், ஏனென்றால் அது காட்டும் ஏற்றத்தில் பெரும்பகுதி உப்பும் மாவும் உடம்பில் பிடித்துவைத்த நீராகவே இருக்கும்.

கை நிற்கவில்லை என்கிறீர்கள். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பெரும்பாலும் அடுக்களையில், நின்றுகொண்டு இருந்திருப்பீர்கள். என் அம்மா மைசூர்பாகைத் துண்டு போட்ட பிறகு, தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் உதிரியைக் கத்தி முனையால் சுரண்டிச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வார். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஒரு உருண்டை லேகியத்தை விழுங்கியதோடு அடுப்படிக்குப் போனவர், எல்லோரும் இட்லியும் கறிக்குழம்புமாக எழுந்த பிறகு பத்தரை மணிக்கு, "நான் இன்னும் சாப்பிடவே இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடாத எதையும் வயிறு கணக்கில் வைத்தாலும் மனம் வைப்பதில்லை. ஆகவே இந்த ஆண்டு முதல் பந்தியில் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களும் உட்காருங்கள், பரிமாறும் வேலையைக் கணவரிடமும் கொழுந்தனாரிடமும் விடுங்கள். பிடித்ததை இலையில் வைத்து ருசித்துச் சாப்பிடுங்கள், போதுமென்றால் போதும் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகளின் நிலைதான் இதில் மிக முக்கியமானது. பூப்பெய்தும் பருவத்தில் பெண் குழந்தையின் உடம்பில் சதை போடுவது வளர்ச்சியின் பகுதி. உணவை வெறுக்கவைக்கும் மனநோய்கள் பெரும்பாலும் தலைகாட்டுவதும் இந்த வளரிளம் பருவத்தில்தான். அவள் வேளைச் சாப்பாட்டைத் தட்டிக் கழிக்கிறாளா, சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் போய்த் தாளிட்டுக்கொள்கிறாளா, எடை வேகமாகக் குறைகிறதா, மாதவிடாய் நின்றுபோயிருக்கிறதா என்று சத்தமில்லாமல் கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் தயங்க வேண்டாம். நீங்கள் இரவுகளில் சாப்பிடாமல் எழுந்து போவதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பெரியவரிடம் எப்படிப் பேசுவது? பந்தியில் வேண்டாம். தீபாவளிக்கு முன்பே நீங்களோ, இன்னும் பொருத்தமாக உங்கள் கணவரோ தொலைபேசியில் சொல்லிவிடலாம்: "பெரியம்மா, அவ உடம்பைப் பத்தி யாரும் எதுவும் பேச வேண்டாம், போன தடவை ரொம்ப அழுதுட்டா. உங்க அதிரசம்னா அவளுக்கு உசிரு, பாகுப் பதம் எப்படின்னு அவளுக்குச் சொல்லிக் குடுங்க." அவர் பலகாரம் வைத்தது பாசத்தினால்தான், அந்தப் பேச்சும் பாசத்தில் சேர்த்தி என்று அவர் நம்புவதால், யாராவது சொல்லாமல் அவருக்குத் தெரியாது. மீறி அன்றும் பேச்செடுத்தால், "அந்தப் பேச்சு வேண்டாம் அத்தை" என்று மகள் காதில் விழும்படி நீங்களே சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு அவள் இலையை மூடியபோது அவளுக்காக நீங்கள் பேசியதாகக் கடிதத்தில் இல்லை. பேசவில்லை என்றால், அது உங்கள் தவறு என்று அவளிடம் சொல்வதற்குத் தீபாவளிவரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே சொல்லலாம், அவளோடு உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு.