பரணில் கிடந்த மூங்கில் தூண்டில்: உப்புத்தாளை எடுக்காதீர்கள்

கேள்வி: என் தாத்தா குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். துரை இங்கிலாந்துக்குத் திரும்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன, ஹார்டி என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் தூண்டில் கோல் பரணில் கிடைத்தது. மூன்று துண்டு. வார்னிஷ் உரிந்திருக்கிறது, நுனி ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது, ஒரு இணைப்பு கழலவே மாட்டேன் என்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது வார்னிஷ் அடித்துவிடலாமா?

பதில்: உப்புத்தாள் மட்டும் வேண்டாம்.

ஆங்கிலத்தில் கேன் என்று சொல்வதால் பலர் இதைப் பிரம்பு என்று நினைக்கிறார்கள். இது மூங்கில். ஆரம்பத்தில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய மூங்கில், பிறகு தென் சீனாவின் டோங்கின் மூங்கில். அதை ஆறு கீற்றாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் முக்கோணமாகச் சீவி, பசை போட்டு ஒட்டினால் அறுகோணக் கோல் வரும். சீவுவது உள்பக்கத்தைத்தான், தோல் பக்கம் கை வைக்க மாட்டார்கள், ஏனென்றால் நெருக்கமான வலுவான நார் முழுக்க அங்கேதான் இருக்கிறது. உப்புத்தாள் நேராக அதைத்தான் தின்னும். நான் முதன்முதலில் கை வைத்த கோலின் நுனியைப் பளபளவென்று தேய்த்து வைத்தேன், பார்க்க அழகாக இருந்தது, வீசினால் வேகவைத்த முருங்கைக்காய் மாதிரி துவண்டது.

பழைய வார்னிஷைக் கத்தியின் முதுகால் நீளவாக்கில் மெதுவாகச் சுரண்டுங்கள். கைப்பிடிக்கு மேலே மையில் எழுதிய பெயர், 'பாலகோனா' என்ற ஹார்டியின் வணிகச் சொல் ஏதாவது தெரிந்தால் அந்த இடத்தைத் தொடாதீர்கள். எழுத்து போனால் கோலின் மதிப்பில் பாதி போன மாதிரிதான்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. அடிப்பக்கத்தைப் பிடித்து லேசாக ஆட்டி, காதருகே வைத்துக் கேளுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் எங்கேயோ கீற்றுகள் விட்டுப்போயிருக்கின்றன என்று சந்தேகப்படலாம். அங்கே பசையை உள்ளே செலுத்தி, நூலால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிச் சுற்றிக் காயவிட வேண்டும். பழைய கோல்களில் விலங்குப் பசை இருக்க வாய்ப்பு உண்டு, சூடும் ஈரமும் பட்டால் அது இளகிவிடும். அதனால் கெட்டில் ஆவியில் காட்டி நுனியை நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வளைவு கொஞ்சம்தான் என்றால், நூல் ஓடும் வளையங்களைக் கழற்றி எதிர்ப்பக்கம் கட்டிவிடுங்கள், மீன் பிடிக்கப் பிடிக்க வளைவு மறுபக்கம் இழுபட்டுக் குறையும். பழைய தந்திரம், செலவும் இல்லை.

கழலாத இணைப்பை முறுக்கவே முறுக்காதீர்கள், குறடு பக்கத்திலேயே வரக் கூடாது. முறுக்கினால் கீற்றுகள் பிளக்கும். உலோகக் குழாய்கள் சேரும் இடத்தில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். அப்புறம் பாதி உட்கார்ந்த நிலையில் கோலை முழங்கால்களுக்குப் பின்னால் வைத்து, இணைப்புக்கு இரண்டு பக்கமும், முழங்கால்களுக்கு வெளியே, கையால் பிடித்துக்கொண்டு முழங்கால்களை வெளிப்பக்கம் விரியுங்கள். கை நேராக இழுபடும், இணைப்பு 'டப்' என்று வரும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

வளையங்களைக் கட்டியிருக்கும் பட்டு நூலை வெட்டும்போது பிளேடு வளையத்தின் உலோகக் காலின் மேல்தான் ஓட வேண்டும், மூங்கிலில் படக் கூடாது. வெட்டுவதற்கு முன் போட்டோ எடுத்து, இடைவெளிகளை அளந்து எழுதிவையுங்கள். புதுப் பட்டு நூலைச் சுற்றோடு சுற்று ஒட்டும்படி சுற்றி, கடைசி ஏழெட்டுச் சுற்றுக்கு அடியில் தனி நூல் கண்ணி ஒன்றை வைத்து, நுனியை அதில் கோத்து இழுத்தால் முடிச்சே இல்லாமல் முடியும். வார்னிஷ் பட்டால் பட்டின் நிறம் கறுத்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், வேறு குச்சியில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

வார்னிஷை டர்பன்டைன் விட்டு நீர்க்கச் செய்து, விரலால் மெல்லிசாக மூன்று தடவை பூசுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாளாவது காயட்டும். குன்னூர் மூடுபனி நாளில் இந்த வேலை வேண்டாம்.

முடிந்ததும் டிரவுட் மீன் பிடிக்கத் தாராளமாக எடுத்துப் போகலாம். கொக்கி பாறையில் மாட்டிக்கொண்டால் கோலை வளைத்து இழுக்காமல், கோலைக் கீழே வைத்துவிட்டு நூலைக் கையால் பிடித்து இழுங்கள்.