சூரை மீனும் ரெண்டு குளிசையும்: மருந்து கேள்வி பதில்

கேள்வி: போன கிழமை மத்தியானம் சூரைக் கறி சாப்பிட்டு அரை மணித்தியாலம் ஆகல்ல, முகமெல்லாம் சிவந்து மேல் முழுக்க தடிச்சுக் கடிக்கத் தொடங்கிட்டு, தலையிடியும் வந்திட்டு. டிஸ்பென்சரியில செட்ரிசினோட ஃபமோடிடினும் தந்தாங்க. வீட்ட வந்து பார்த்தா அது எங்கட அம்மா கேஸ்ட்ரைட்டிசுக்குப் போடுற குளிசை. எனக்கு வயித்தில ஒரு வருத்தமும் இல்ல. மாத்தித் தந்திட்டாங்களோ எண்டு பயந்து அத போடாம வைச்சிரிக்கன்.
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மாத்தித் தரல்ல தங்கச்சி. தரக்குள்ள ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நீங்க இந்தக் கடிதமே எழுதியிருக்கத் தேவையில்ல, அதுதான் பிழை.

ஹிஸ்டமின் எண்டது எங்கட உடம்பே செஞ்சு வைச்சிரிக்கிற சாமான். நுளம்பு கடிச்ச இடம் பொம்மிக் கடிக்குதே, அது இவர்ர வேலைதான். ஆனா இவர் சும்மா திரிஞ்சா ஒண்டும் நடக்காது, செல்லில இவருக்கெண்டு இரிக்கிற பூட்டில போய்ப் பூந்தாத்தான் வேலை, அந்தப் பூட்டில நாலு வகை கண்டுபிடிச்சிரிக்காங்க, பாமசியில விக்கிற குளிசையெல்லாம் பெரும்பாலும் முதல் ரெண்டுக்கும்தான். எச்-1 தோல், மூக்கு, கண், மூளையில. எச்-2 எண்டா வயித்தில அமிலம் சுரக்கிற இடம். செட்ரிசின் எச்-1ஐ அடைக்குது, ஃபமோடிடின் எச்-2ஐ அடைக்குது. ஆனா தோல் ரத்தக்குழாயிலயும் எச்-2 கொஞ்சம் கெடக்கு, அதாலதான் மேல் சிவந்து தடிக்கக்குள்ள சில டொக்டர்மார் ரெண்டையும் சேத்துத் தாறாங்க. ஃபமோடிடின் தனிய போட்டா கடி நிக்காது, அது துணைக்கு வாற ஆள் மாதிரி.

மத்தது, ஒங்களுக்கு வந்தது மீன் அலர்ஜியே இல்லாம இரிக்கலாம். சூரை, கெலவல்லா மாதிரி மீனைப் பிடிச்ச உடன ஐஸ் போடாம வெயிலுக்க வைச்சா பக்டீரியா அந்தத் தசையில இரிக்கிற ஹிஸ்டிடின் எண்ட அமினோ அமிலத்தை ஹிஸ்டமினா மாத்திரும். மறுகா நீங்க எவ்வளவு கொதிக்க வைச்சாலும், பொரிச்சாலும், ஃபிரிட்ஜில போட்டாலும் அது போகாது. மணமும் மாறியிருக்கணும் எண்டில்ல. சாப்பிடக்குள்ள வாயில மிளகு கடிச்ச மாதிரி சுள்ளெண்டு இருந்திச்சா, அதே சட்டியில சாப்பிட்ட வேற ஆருக்கும் முகம் சிவந்திச்சா எண்டு யோசிச்சுப் பாருங்க. ஓம் எண்டா பிழை மீன்ல, ஒங்கட உடம்பில இல்ல. அத டொக்டர்ட்ட சொல்லுங்க, வாழ்நாள் முழுக்க சூரையை ஒதுக்கத் தேவையில்லாமப் போகலாம்.

ஒண்டு மட்டும் ஞாபகம் இரிக்கட்டும். மூச்சு இழுக்குது, தொண்டை அடைக்குது, மயக்கம் வருது எண்டா குளிசை தேடி நிக்காதீங்க, உடன 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க. அந்த நேரம் உயிரக் காப்பாத்துறது துடையில போடுற அட்ரினலின் ஊசி, செட்ரிசின் இல்ல.

கேள்வி: அரிவி வெட்டு நேரம் தூசி பட்டா எனக்குத் தும்மல் நிக்காது. பிரிட்டன் (குளோர்பெனிரமின்) குளிசை போட்டாத்தான் சுகம், நல்லா நித்திரையும் வருது. லொராடடின் போட்டா ஒண்டும் தெரியுதில்ல, அதில பவர் இல்லையா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: நித்திரை வாறது பவர் இல்ல தம்பி. மூளையில ஹிஸ்டமின்தான் எங்கள முழிச்சிரிக்க வைக்கிறது, பிரிட்டன் மாதிரி பழைய மருந்து மூளைக்குள்ள பூந்து அந்தப் பூட்டையும் அடைச்சிரும், லொராடடின் அங்க பெரிசாப் போறல்ல, அவ்வளவுதான். பிரிட்டன் 4 மில்லிகிராம் நாலஞ்சு மணித்தியாலத்தில இறங்கும், லொராடடின் 10 மில்லிகிராம் ஒரு நாள் நிக்கும். தூசிக்குள்ள இறங்க முன்னமே போட்டுப் பாருங்க, தும்மி முடிச்சுப் போட்டா ஒண்டும் தெரியாதுதான். பிரிட்டனைப் போட்டுட்டு டிரக்டரில மட்டும் ஏறாதீங்க, ராத்திரி போட்டாலும் காலையிலயும் அந்த மந்தம் இரிக்கும், நமக்கே தெரியாது. வீட்டில வயசான ஆம்பிளையள் சலம் போகக் கஷ்டப்பட்டா அவங்களுக்கும் ஒங்கட பிரிட்டனைக் குடுக்காதீங்க, அடியோட அடைச்சாலும் அடைச்சிரும்.

கேள்வி: மஹியங்கனையால கண்டிக்குப் போகக்குள்ள அந்தப் பதினெட்டு வளைவில சத்தி. செட்ரிசின் போட்டுப் போனேன், சரிவரல்ல.
- வாசகி, கல்லடி

பதில்: இங்க கதை தலைகீழ். பயணச் சத்திக்கு மூளைக்குள்ள போற மருந்துதான் வேணும், புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட் மாதிரி. பஸ் ஏற அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் முன்னமே போடுங்க, வளைவு தொடங்கினாப் பிறகு போட்டா குளிசையும் சேந்து வெளிய வரும். நித்திரை வரும்தான், பக்கத்தில இரிக்கிற ஆள்ட தோள் இரிக்கே.

கேள்வி: அம்மா வருசக்கணக்கா ரனிடிடின் போட்டவ, இப்ப ஃபமோடிடின் தாறாங்க. ஏன் மாத்தினாங்க?
- வாசகர், திருக்கோவில்

பதில்: 2019ல ரனிடிடினுக்குள்ள என்டிஎம்ஏ எண்ட, புற்றுநோய் வரப்பண்ணலாம் எண்டு சந்தேகிக்கிற அசுத்தம் இரிக்கிறது தெரிய வந்திச்சு, வைச்சிரிக்க வைச்சிரிக்க அது கூடுது எண்டும் கண்டாங்க, 2020 ஏப்ரலில அமெரிக்கா முழுசா எடுக்கச் சொல்லிட்டு. ஃபமோடிடினில அந்தப் பிரச்சினை இல்ல. எச்-2ஐ அடைக்கிற இந்தக் குடும்பத்தில முதல் சந்தைக்கு வந்தது சிமெடிடின், 1976ல பிரித்தானியாவில, அத உருவாக்கின ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கின ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988ல நோபல் பரிசு கிடைச்சிச்சு. அதுக்கு முன்னம் வயித்துப் புண்ணுக்கு நிறையப் பேருக்கு வயித்தையே வெட்டினாங்க எண்டா பாருங்க. அம்மாவுக்கு கிட்னி வருத்தம் ஏதும் இருந்தா டொக்டர்ட்ட கட்டாயம் சொல்லுங்க, ஃபமோடிடின் கிட்னியாலதான் வெளிய போறது, அளவு குறைக்கணும், இல்லாட்டி வயசானவங்க தடுமாறிக் கதைக்கத் தொடங்குவாங்க.

கேள்வி: தம்பிக்கு காசநோய் மருந்து குடுக்குறாங்க. கிளினிக்கில சூரை, கெலவல்லா தின்னக் கூடாதாம். கடற்கரையில இரிந்துகொண்டு மீன் தின்னாம என்ன செய்யிற?
- வாசகி, வாழைச்சேனை

பதில்: எல்லா மீனும் இல்ல கா, அந்த வகை மட்டும்தான். ஐசோனியசிட் குளிசை, சாப்பாட்டில வாற ஹிஸ்டமினை உடைக்கிற நொதியத்தைத் தடுக்குது, அதால மத்தவங்களுக்கு ஒண்டும் செய்யாத மீன்கூட அவருக்கு முகம் சிவந்து நெஞ்சு படபடக்க வைக்கும். இத 1980 அளவில இலங்கை டொக்டர்மாரே கண்டு எழுதி வைச்சிரிக்காங்க. மருந்து முடியுமட்டும் வேற என்ன மீன் தின்னலாம் எண்டு கிளினிக்கில பேர் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டு வாங்க. அப்பிடி ஏதும் வந்தாலும் காசநோய் மருந்தை மட்டும் தன்பாட்டில நிப்பாட்ட விடாதீங்க.