பாத எரிச்சல்: மருதாணிக்கு முன் ரத்தப் பரிசோதனை

ஐயா, மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்பதால்தான் இரவில் இரு பாதமும் எரிகிறதா, மருதாணி பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பூசுங்கள், குளிர்ச்சி கிடைக்கும், காரணம் போகாது.

சர்க்கரைக்குப் பல ஆண்டாக மெட்ஃபார்மின் சாப்பிடுவதாகவும் எழுதியிருப்பதால் எனக்குச் சந்தேகம் நரம்பின் மேல்தான். சர்க்கரையே நரம்பைக் கெடுக்கும். அந்த மாத்திரையை நெடுநாள் எடுத்தால் நரம்புக்குத் தேவையான வைட்டமின் பி12 வேறு குறையலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பி12 அளவையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

படுக்குமுன் பச்சைத் தண்ணீரில் பாதத்தைக் கழுவிவிட்டு, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடையுங்கள். ஐஸ் கட்டியும் சுடுநீரும் வேண்டவே வேண்டாம். நரம்பு கெட்டு மரத்துப்போன காலில் புண் வந்தாலும் தெரியாது. மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியை உச்சி வெயிலில் வெறுங்காலோடு சுற்றாமல், விடியற்காலையிலேயே போய்வந்துவிடுங்கள்.