அக்குளில் ஒட்டும் பேட்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஒரு நாடகக் குழுவின் உடைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தைப்பது, துவைப்பது, கறை எடுப்பது, மேடை ஏறும் முன் சட்டையின் அக்குளில் பேட் ஒட்டுவது எல்லாம் அதில் அடங்கும். வியர்வையை உறிஞ்ச ஒரு தடவை போட்டுத் தூக்கி எறியும் ஸ்வெட் பேட் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லி வைத்தேன். குவிந்துவிட்டது. வந்த வரிசையிலேயே போகிறேன். துணிக்கு வைத்தியம் தெரியும், தோலுக்குத் தெரியாது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அக்கா, உறையில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து அப்படியே ஒட்டினேன். பேட் காய்ந்து கிடக்கிறது, அதற்குப் பக்கத்தில் சட்டை நனைகிறது. எங்கே தப்பு?

படத்தில் இருப்பது யாரோ ஒருவருடைய அக்குள், உங்களுடையது இல்லை. நீங்கள் அடிக்கடி போடும் பழைய சட்டை ஒன்றை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, மேசையில் விரியுங்கள். அக்குளில் நான்கு தையல்கள் கூட்டல் குறி போலச் சந்திக்கும். உடம்பின் பக்கத் தையல் ஒன்று, கையின் அடித் தையல் ஒன்று, கையை உடம்போடு இணைக்கும் தையல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இப்போது மஞ்சள் கறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கூட்டல் குறியின் நடுவில் இருக்காது. சிலருக்கு ஒரு விரல் அகலம் முன்னால் தள்ளியிருக்கும், சிலருக்குக் கைப் பக்கம் ஏறியிருக்கும். எங்கள் குழுவில் ஒருவருக்கு இடது பக்கம் முன்னால், வலது பக்கம் பின்னால். அந்தக் கறைதான் உங்களுக்கு வரைபடம். புதுச் சட்டையில் அதே இடத்தில் பேடின் நடுப்பகுதி வரவேண்டும்.

பட்டாம்பூச்சி வடிவப் பேட் என்றால், நடு மடிப்பு கை இணையும் தையலின் மேல் உட்காரட்டும். ஒரு சிறகு கைக்குள், இன்னொன்று உடம்புப் பக்கம். சட்டையைப் போட்டுக்கொண்டு ஒட்டாதீர்கள், கண்ணாடி முன்னால் நின்று எப்படி வளைந்தாலும் கோணலாகத்தான் வரும். கழற்றி, விரித்து, சுருக்கம் நீக்கி, தாளை உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள்.

பேட் போட்டால் நாற்றமும் நின்றுவிடுமா?

நிற்காது. வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது. பருவ வயதில் வேலை செய்யத் தொடங்கும் ஒரு வகைச் சுரப்பி அக்குளில் உண்டு. அதிலிருந்து வருவதைத் தோலில் வாழும் பாக்டீரியா உடைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது. அதெல்லாம் உங்கள் தோலில் நடக்கும் சங்கதி. பேட் துணியில் இருக்கிறது. அது துணிக்குக் காவல், அவ்வளவுதான். வாடைக்கு டியோடரண்டு, ஈரத்தைக் குறைக்க ஆன்டிபெர்ஸ்பிரண்டு. இரண்டும் ஒன்றில்லை. முதலாவது வாடையைக் கவனிக்கிறது. இரண்டாவதில் உள்ள அலுமினிய உப்பு வியர்வைக் குழாயின் வாயைத் தற்காலிகமாக அடைக்கிறது. அதை இரவில், காய்ந்த தோலில் தடவினால்தான் நன்றாகப் பிடிக்கும். காலையில் குளித்துவிட்டு அவசரமாகத் தடவிக்கொண்டு ஓடுபவர்கள்தான் 'வேலை செய்யவில்லை' என்கிறார்கள்.

ஒரு பேட் எத்தனை மணி நேரம் தாங்கும்?

நனையும்வரை.

வெள்ளைச் சட்டையில் ஏற்கெனவே மஞ்சள் கறை. பேட் போட்டால் சரியாகுமா?

வந்துவிட்ட கறையைப் பேட் எடுக்காது. அந்த மஞ்சள் வெறும் வியர்வையும் இல்லை. ஆன்டிபெர்ஸ்பிரண்டின் அலுமினிய உப்பும் வியர்வையும் தோலின் எண்ணெயும் சேர்ந்து துணியில் இறுகுவதுதான் பெரும்பாலும். வெள்ளைப் பருத்தி என்றால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைக் கறைமேல் ஊற்றி அரை மணி நேரம் விட்டு, வழக்கம்போலத் துவையுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் மறுபடியும் செய்யுங்கள். குளோரின் பிளீச் வேண்டாம், இந்த மஞ்சளை அது இன்னும் அடர்த்தியாக்கிவிடும். பிளீச்சோடு வினிகர் கலக்கவே கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். முக்கியமாக, கறை முழுதாகப் போகும்வரை அந்த இடத்தில் இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் கறை துணியோடு ஐக்கியமாகிவிடும். இதை இன்னும் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேட் ஒட்டவே மாட்டேன் என்கிறது. பத்து நிமிடத்தில் சுருண்டு கைக்குள் உருள்கிறது.

மூன்று காரணம் இருக்கலாம். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்திருந்தால் நூலின்மேல் வழவழப்பான படலம் தங்கும், பசை பிடிக்காது. அக்குளில் பவுடர் போட்டிருந்தால் அது உதிர்ந்து பசையில் ஒட்டும். டியோடரண்டு காயும் முன் சட்டை போட்டிருந்தால் அந்த ஈரம். இழுத்தால் நீளும் பனியன் துணியில் வேறு தொல்லை. துணி நீளும், பேட் நீளாது, ஓரம் கிளம்பிவிடும். அதற்குப் பெரிய பேடைவிடச் சின்னதே மேல்.

இன்னொன்று, தொளதொளவென்று தொங்கும் சட்டைக்குப் பேட் எதற்கு? துணி தோலைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் பேட் உறிஞ்சும். தொளதொள சட்டையில் காற்றே அந்த வேலையைச் செய்துவிடும்.

பட்டுத் துணியில் ஒட்டலாமா?

நேரடியாக வேண்டாம். பசை பட்டின் மினுமினுப்பை எடுத்துவிடும், வியர்வை சாயத்தை நகர்த்திவிடும். இரண்டில் எது முதலில் நடக்கும் என்பதுதான் கேள்வி. அக்குளுக்கு மட்டும் மெல்லிய பருத்தியில் லைனிங் கொடுத்து, அதன்மேல் ஒட்டுங்கள். பட்டில் பேட் பசை தங்கிவிட்டால் நகப்பூச்சு அகற்றும் திரவத்தைத் தொடாதீர்கள். உங்கள் 'பட்டு' உண்மையில் அசிட்டேட் என்ற செயற்கை இழையாக இருந்தால், அந்தத் திரவத்தில் உள்ள அசிட்டோன் துணியைக் கரைத்தே விடும். எனக்கு நடந்திருக்கிறது. ராணி வேடத்து உடையில் நாலணா அகலத்துக்கு ஓட்டை. அன்றிலிருந்து அந்த ராணி கையைத் தூக்குவதில்லை.

சட்டைக்குப் பதில் தோலில் ஒட்டிக்கொள்ளலாமா?

தோலுக்கென்றே செய்த பேட் தனியாக உண்டு. சட்டைக்கான பசையைத் தோலில் ஒட்டிவிட்டு உரிக்கும்போது என்னை நினைக்காதீர்கள்.

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு வீதம் குப்பையில் போடுவது அநியாயமாகப் படவில்லையா? நான் பழைய பனியன் துணியில் நானே பேட் தைத்துப் போடுகிறேன். துவைக்கிறேன், மறுபடி போடுகிறேன்.

கோபமா? இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் செய்வதுதான் பழைய முறை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உடையின் அக்குளுக்குள் பிறை வடிவப் பட்டை ஒன்றைத் தைத்து வைத்தார்கள். வெளியே பருத்தி அல்லது பட்டு, உள்ளே ரப்பர் அடுக்கு. துவைக்க முடியாத உடையைக் காப்பாற்ற அதுதான் வழி. 1888-இல் மம் என்ற டியோடரண்டு வந்தது, 1903-இல் எவர்டிரை என்ற ஆன்டிபெர்ஸ்பிரண்டு. அந்தக் காலத்து ஆன்டிபெர்ஸ்பிரண்டுகள் அமிலத் தன்மை உள்ளவை. தோலை எரிக்கும், துணியையே அரிக்கும். அதனால் அவை வந்த பிறகும் பட்டையைக் கைவிட முடியவில்லை.

ஆனால் ஒன்று. உங்கள் பனியன் துணிப் பேட் உறிஞ்சும், தடுக்காது. நிறைந்ததும் ஈரத்தை அப்படியே சட்டைக்குக் கொடுத்துவிடும். கடைப் பேடின் பின்னால் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான் ஈரத்தை நிறுத்துகிறது.

(அதே நண்பர் மறுபடியும்) அந்தப் பிளாஸ்டிக்தான் சூட்டை அடைத்து இன்னும் வியர்க்க வைக்கிறது. நோயையும் மருந்தையும் சேர்த்து விற்கிறார்கள்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். காற்றுப் போகாத படலம் அக்குளில் புழுக்கம் உண்டாக்கும், மறுக்கவில்லை. ஆனால் உள்ளங்கை அகலப் பேட் உடம்பையே வியர்க்க வைக்கிறது என்பது கொஞ்சம் அதிகம்.

(வேறொருவர்) நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். துணிப் பேட் போட்டு அலுவலகம் போனேன். மதியத்துக்குள் பேடின் வடிவத்திலேயே சட்டையில் பிறை தெரிந்தது. அதற்குக் கறையே தேவலை.

(முதல் நண்பர்) எத்தனை அடுக்கு வைத்தீர்கள்? ஒன்றா? ஒரு அடுக்கு வைத்துவிட்டுத் துணியைக் குறை சொல்லாதீர்கள்!

சரி, சரி. நீங்கள் இருவரும் மோதிக்கொண்டதில் எனக்கே ஆர்வம் வந்துவிட்டது. நேற்று ஒத்திகையில், எங்கள் குழுவிலேயே அதிகம் வியர்க்கும் நடிகரைப் பிடித்தேன். சாம்பல் நிறப் பருத்திச் சட்டை, ஈரத்தை ஒளிக்கத் தெரியாத நிறம். இடது பக்கம் நான்கு அடுக்குப் பனியன் துணி, ஓட்டுத் தையலில் பிடித்தது. வலது பக்கம் ஒட்டும் பேட். முதல் அங்கம் முடிந்தபோது இடது பக்கம் ஓரத்தில் நூல் பருமனுக்கு ஒரு ஈர வளையம். வலது பக்கம் சட்டை காய்ந்திருந்தது, ஆனால் கையை ஆட்டி ஆட்டிப் பேடின் முன் நுனி சுருண்டு, அந்த ஒரு மூலையில் மட்டும் ஈரப் பொட்டு. கடைசி அங்கத்தில் இடது பக்கம் முழுப் பிறையே தெரிந்தது. வலது பக்கம் சுருண்ட மூலை வழியாக வழிந்து, பிறைக்குப் பதில் கோடு. நடிகரிடம் எது தேவலை என்றேன். "இடது பக்கம் ஈரம், வலது பக்கம் சரசர சத்தம். வசனம் பேசும்போது எனக்கே கேட்கிறது" என்றார்.

என் தீர்ப்பு இதுதான். இரண்டு மூன்று மணி நேரம், நேர்காணல், மேடை, துவைக்க முடியாத உடை என்றால் ஒட்டும் பேட். தினமும் போடும், தினமும் துவைக்கும் சட்டை என்றால் நண்பர் சொல்வது சரி, துணிப் பேட் போதும். நான்கு அடுக்கு, வெளி அடுக்கு நெருக்கமாக நெய்த துணி, அழுத்தினால் பூட்டும் பிரஸ் பட்டன் இரண்டு வைத்தால் கழற்றித் துவைக்கலாம். போட்டு எறியும் பேடைக் கழிப்பறையில் மட்டும் தள்ளாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

(முதல் நண்பர்) பிரஸ் பட்டன் தோலில் குத்தாதா?

தையல் மடிப்பின் பக்கம் வையுங்கள். இத்தோடு இந்தப் பேச்சு போதும், பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

பேட் சரியாக ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?

மேலே படியுங்கள்.

பேட் போட ஆரம்பித்ததிலிருந்து அக்குளில் சிவந்து அரிக்கிறது.

உடனே நிறுத்துங்கள். அப்புறம் கண்ணாடியில் பாருங்கள். துணியாலோ அதன் சாயத்தாலோ வரும் அரிப்பு பெரும்பாலும் அக்குளின் ஓரங்களில் வரும், குழியை விட்டுவிடும். டியோடரண்டால் வருவது குழிக்குள்ளேயே வரும். எது என்று பார்த்து வைத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவருக்கு உதவும். அவர் சொல்வதைக் கேளுங்கள், நான் சொல்வதை அல்ல.

சும்மா உட்கார்ந்திருந்தாலே சொட்டுகிறது. ஒரு நாளைக்கு ஆறு பேட் மாற்றுகிறேன்.

ஆறு என்றால் இது துணி விவகாரம் இல்லை. மிகை வியர்வைக்கு மருத்துவம் இருக்கிறது. கடுமையான அலுமினியம் குளோரைடு பூச்சில் தொடங்கி, அக்குளில் போடும் போட்டுலினம் (போடாக்ஸ்) ஊசி வரை உண்டு. அந்த ஊசிக்கு அமெரிக்காவில் 2004-இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. தூக்கத்திலும் நனைகிறதா, எடை குறைகிறதா, காய்ச்சல் வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் நாளைக்கே மருத்துவரிடம் போங்கள். பேடை அப்புறம் பார்க்கலாம்.

அலுமினியம் ஆகாது என்று படிகாரக் கல் தேய்க்கிறேன். அதோடு பேட் போடலாமா?

போடலாம். ஆனால் படிகாரம் என்பதே பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்.

கையில்லாத உடைக்கு?

ஒட்டும் பேட் எட்டிப் பார்க்கும். தோளில் நாடா மாட்டும் வகை இருக்கிறது. அதன் நாடாவும் தெரியும் உடை என்றால் அக்குளைக் காற்றிடம் விட்டுவிடுங்கள்.

பேட் நழுவுகிறது அக்கா, வேறு கம்பெனி சொல்லுங்களேன்?

இதே கேள்வி மூன்றாவது தடவை. கம்பெனியை மாற்றாதீர்கள், துணியை மென்மையாக்கும் திரவத்தை நிறுத்துங்கள். பவுடரை நிறுத்துங்கள். மேலே படியுங்கள். கீழிருந்து படித்துக்கொண்டு வருகிறவர்களுக்காகவா நான் மேலே எழுதினேன்?

இரவு கழற்ற மறந்து, பேடோடு சட்டையைத் துவைத்துவிட்டேன். உள்ளே ஜெல்லி மாதிரி வழவழவென்று அப்பியிருக்கிறது. சட்டை போச்சா?

போகவில்லை. சில பேடுகளுக்குள் தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பும் துகள் இருக்கும். நல்ல தண்ணீர் என்றால் தன் எடையைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும், உப்புத் தண்ணீரில் அவ்வளவு குடிக்காது. அதுதான் இப்போது உங்களுக்கு வழி. தேய்க்காதீர்கள், தேய்த்தால் நூலுக்குள் போகும். கரண்டி விளிம்பால் மேலாக வழித்து எடுங்கள். மிச்சத்தின்மேல் சமையல் உப்பைத் தாராளமாகத் தூவிக் கால் மணி நேரம் விடுங்கள். தண்ணீரைக் கக்கிச் சுருங்கும். அப்புறம் கொடியில் போட்டு முழுக்கக் காயவிட்டு, வெளியே கொண்டுபோய் உதறுங்கள், மணல் மாதிரி உதிரும். பேடின் பசை தங்கியிருந்தால் பனிக்கட்டி வைத்து இறுக்கி, நகத்தால் சுரண்டுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை இஸ்திரிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வையுங்கள்.