முடிவடையாத விளையாட்டுக்கு எவ்வளவு விலை வைக்கலாம்?

பாதி முடிந்த கணினி விளையாட்டை, இணைய விற்பனைத் தளமான ஸ்டீமில் 250 ரூபாய்க்கு விற்பதா, இறுதி விலையாக எண்ணியுள்ள 500 ரூபாயை இப்போதே வைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். குறைவாகத் தொடங்குங்கள், ஆனால் விலை பின்னர் உயரும் என்பதை விற்பனைப் பக்கத்தில் முதல் நாளே எழுதிவிடுங்கள், ஏனெனில் நிறைவடையாத ஒன்றை நம்பி வாங்குபவருக்கு அந்தத் தெளிவைத் தருவது நம் கடமை. மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டு ஆல்ஃபா எனும் தொடக்கச் சோதனை நிலையில் 9.95 யூரோவுக்கும், 2010 டிசம்பரில் பீட்டா எனும் அடுத்த சோதனை நிலைக்கு வந்தபோது 14.95 யூரோவுக்கும் விற்கப்பட்டது. முன்பே வாங்கியவர்கள் 2011 நவம்பரில் வெளிவந்த முழுப் பதிப்புக்குக் கூடுதலாக எதுவும் செலுத்தவில்லை. இருப்பினும், 250 ரூபாய் உங்கள் உழைப்புக்கு மிகக் குறைவு. 350 ரூபாய் பொருந்தும் என்று கருதுகிறேன். விலையை உயர்த்திய பின் 30 நாள்களுக்கு ஸ்டீம் தள்ளுபடியை அனுமதிப்பதில்லை. ஆகவே முழு வெளியீட்டன்று தள்ளுபடி தர விரும்பினால், அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாகவே விலையை உயர்த்திவிடுங்கள்.