நாலு வரி யாருக்கு?

கேள்வி: எங்களுக்கு நான்கு வயதில் மகன், ஒன்றரை வயதில் மகள். நான் நாகர்கோவிலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை எட்டுக்குக் கிளம்பினால் இரவு எட்டரைக்குத்தான் வீடு. வந்ததும் மனைவியின் புலம்பல்: தரையெல்லாம் பழம், துணி காயவில்லை, ஒரு வாய் சாயா குடிக்க நேரமில்லை. பிள்ளை வரம் கேட்டு எத்தனை பேர் கோயில் கோயிலாக அலைகிறார்கள்! கிடைத்ததற்கு நன்றியோடு இருக்கச் சொல்லி அவளுக்கு நாலு வரி எழுதுங்கள். உங்கள் பத்திரிகையைத் தவறாமல் படிப்பாள்.
- ஒரு வாசகர், தக்கலை

பதில்: சாயா குடிக்கவே நேரமில்லாதவர் பத்திரிகையைத் தவறாமல் படிக்கிறாரா? சரி, படிக்கட்டும். நாலு வரி உங்களுக்குத்தான்.

'தரையெல்லாம் பழம்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டீர்கள். நம் குமரி மாவட்டத்து மட்டி வாழைப்பழம் 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். மணத்துக்கும் இனிப்புக்கும் குறைவில்லை. அதையே ஒன்றரை வயதுப் பிள்ளை பிசைந்து, கதவில் கொஞ்சம் பூசி, மிச்சத்தைத் தன் தலையில் தேய்த்துக்கொண்டால் சற்று நேரத்தில் கறுத்துப் பசையாகிவிடும். எறும்பு வரிசை கட்டும். வாரியலுக்கு அது அசையாது. ஈரத் துணி போட்டு ஊறவைத்து, உட்கார்ந்து எடுக்க வேண்டும். எடுத்து நிமிர்வதற்குள் பெரியவன் செம்மண் காலோடு உள்ளே வருவான்.

துணி விஷயமும் அப்படித்தான். நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு. ஜூனில் தென்மேற்கு தொடங்கும், அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்து நிற்கும். சுற்றுலா வருகிறவர்கள் பச்சைப்பசேல் என்று படம் எடுத்துப் போகிறார்கள். இரண்டு பிள்ளைகளின் துணியை அலக்கி, அடுக்களைக்குள் கொடி கட்டிக் காயப்போட்டு, மறுநாளும் ஈர வாடையோடு எடுக்கிறவரிடம் அந்தப் பச்சையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், பிள்ளை இல்லாதவர்களை எதற்கு நடுவில் இழுத்தீர்கள்? அவர்கள் துக்கம் உங்கள் மனைவியின் வாயை அடைக்கும் துணியா? கோயில் கோயிலாக அலைகிறவருக்கும் இது மரியாதையில்லை.

கணக்கு எழுதுகிறவர் என்பதால் ஒரு கணக்குத் தருகிறேன். 2019இல் மத்திய அரசு ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். பரவாயில்லையே என்று நினைக்க வேண்டாம். அந்த 97 நிமிடம்கூட, வீட்டு வேலை செய்த ஆண்களுக்கு மட்டுமான சராசரி. அப்படிச் செய்தவர்கள் ஏறத்தாழ நாலு பேரில் ஒருவர்தான். பிள்ளை பார்ப்பது இதில் சேர்த்தியில்லை, அதற்குத் தனிக் கணக்கு.

நானும் உங்களைப் போல் பேசியவன்தான். என் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது, மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணத்துக்கு மனைவி மட்டும் போனார். பத்து மணிக்குள் என் சாயா இரண்டு முறை ஆறிவிட்டது. மதியம் சாளைமீன் குழம்பு என் சட்டையில். நாலு மணி இருக்கும், சின்னவள் ஒரு சிரட்டையில் மண்ணை அள்ளி வந்து 'அப்பாக்குச் சோறு' என்று நீட்டினாள். கண் கலங்கிவிட்டது. இரவு அதைப் பெருமையாகச் சொன்னேன். மனைவி சிரித்தார். "எனக்குத் தினமும் தருகிறாள். நான் எப்போது திரும்பி வருவேன் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் கண் கலங்க நேரம் கிடைத்தது" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

உங்கள் மனைவிக்கு நன்றி இல்லை என்று எப்படிக் கண்டீர்கள்? புலம்பலுக்கு நடுவே, 'இன்றைக்கு இவள் காக்காவைப் பார்த்து வா வா என்று கூப்பிட்டாள்' என்பது போல ஒரு வரி வந்திருக்குமே. உங்கள் கடிதத்தில் அது இல்லை. அவர் சொல்லவில்லையா, உங்கள் காதில் விழவில்லையா? நாளை இரவு கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். அவர் காரணமில்லாமல் அழுகிறார், பிள்ளைகள் தூங்கினாலும் அவருக்குத் தூக்கமில்லை, பிள்ளையைத் தூக்கவே மனமில்லை என்று நாட்கணக்கில் போனால், அது நன்றி கெட்ட குணமல்ல, மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

மற்றபடி, வருகிற ஞாயிறு அவரை அவர் அம்மா வீட்டுக்கோ கடற்கரைக்கோ தனியாக அனுப்புங்கள். சாயங்காலம்வரை எதற்கும் போன் செய்யக் கூடாது. துண்டு எங்கே, பிள்ளைக்குக் காய்ச்சும் ஏத்தங்காய்ப் பொடி எங்கே என்பதையெல்லாம் சனிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தரையைத் துடைத்த துணியை அலசிப் பிழிந்து காயப்போடுவதும் உங்கள் வேலைதான். வாளியிலேயே விட்டுவிட்டால் துடைத்ததாகக் கணக்கில்லை.